பெயருக்கு ஒரு விலக்கு

'வஜா' என்னும் சொல்லைக் காவிரிப் படுகையின் முதிய உழவர் நன்கறிவர். விளைச்சல் பொய்த்த பசலியில் அரசு நிலவரியைத் தள்ளிக் கொடுத்தால், "இவ்வாண்டு வஜா ஆயிற்று" என்பது அவர்தம் வழக்கு. பசலி, கிஸ்தி, வசூல், பாக்கி, ஜமாபந்தி, தாசில்தார் என நம் வருவாய்த் துறையின் பேச்சில் பெரும்பகுதி அரபியிலிருந்து பாரசீகத்தின் கைமாறி வந்து சேர்ந்ததே. வஜாவும் அவ்வழி வந்ததுதான். அரபியில் 'வழ்உ' என்பதற்கு இறக்கி வைத்தல் என்பது முதற்பொருள். தலைச்சுமையை இறக்குவதும் வழ்உ. கடன் சுமையைக் குறைப்பதும் வழ்உ. மரத்திலிருக்கும் கனியை விலைபேசி வாங்கியவனுக்கு, பறிக்கும் முன்னர்ப் பேரிடர் வந்து அது அழிந்துவிடின், அதன் விலையை இறக்கி வைக்குமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பணித்ததாக ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது. அழிவு மூன்றிலொரு பங்கை எட்டினால் அவ்விறக்கம் கட்டாயம் என்றார்கள் இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள். நம் ஹனஃபிப் பெரியார்கள் அதனைப் பரிந்துரைக்கத்தக்கதென்ற அளவில் நிறுத்தினர். கருத்து வேறுபாடு எவ்வாறாயினும், இறக்கி வைப்பதற்கு ஒரு காரணம் வேண்டும் என்பதிலும், அக்காரணம் சுமப்பவனின் துன்பம் என்பதிலும் வேறுபாடில்லை.

2017 சனவரியில் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சிக்குள்ளானவை என அறிவிக்கப்பட்டு, நிலவரி தள்ளுபடி செய்யப்பட்டது. காவிரியில் நீரின்றிக் கருகிய பயிரைக் கண்ணாற்கண்ட நமக்கு அதன் நியாயத்தை எவரும் எடுத்துரைக்க வேண்டியிருக்கவில்லை. ஆயினும் இப்பெரிய நாட்டில் பிறிதொரு வகை வஜாவும் உண்டு. அது கருகிய வயலைக் கண்டு கொடுக்கப்படுவதன்று; திரைப்படத்திற்குக் கொடுக்கப்படுவது. அதைப் பற்றியே ஈண்டுச் சிறிது சிந்திக்க விழைகின்றோம். மார்க்கக் கல்வி கற்பிப்போர்க்குப் படக்கொட்டகையின் கணக்கு எதற்கு என்று நகைக்கும் அன்பர்கள் சற்றே பொறுத்தருள்க. இது படத்தைப் பற்றிய வினா அன்று. பொதுப்பணத்தைப் பற்றிய வினா.

கேளிக்கை வரி நம் மாநிலத்தில் 1939-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி வந்தது. 2006 சூலையில், கலைஞர் மு. கருணாநிதி தலைமையிலான அரசு, தமிழில் பெயர் சூட்டப்பெறும் படங்களுக்கு அவ்வரியிலிருந்து முழு விலக்களித்தது. உடனே பெயர்கள் மாறின. 'ஜில்லுனு ஒரு காதல்' என்றிருந்தது 'சில்லுனு ஒரு காதல்' ஆயிற்று. 'எம்டன் மகன்' என்றிருந்தது 'எம் மகன்' என வந்தது. 'சம்திங் சம்திங்' என்ற முன்னொட்டைக் களைந்துவிட்டு 'உனக்கும் எனக்கும்' மட்டும் நின்றது. சில ஆண்டுகள் கழித்து 'ரோபோ' என்று பேசப்பட்ட படம் 'எந்திரன்' ஆகி 2010-இல் வெளிவந்தது. இம்மாற்றங்களால் கதையில் ஒரு காட்சியும் மாறவில்லை. உரையாடலில் ஒரு சொல்லும் திருந்தவில்லை. முகப்பில் எழுத்து மாறியது. கருவூலக் கணக்கில் எண் மாறியது.

இவ்விடத்தில் நம் மதரஸாக்களில் ஓதப்படும் பழைய விவாதமொன்று நினைவுக்கு வருகிறது. பெயரும் பெயருக்குரிய பொருளும் ஒன்றா, வேறா என்று கலாம் அறிஞர்கள் நூற்றாண்டுக் கணக்கில் வாதிட்டனர். இஸ்மு என்பது முஸம்மாவே என்றனர் ஒரு சாரார். இஸ்மு வேறு, முஸம்மா வேறு என்றனர் முஃதஸிலாக்கள். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இறைத் திருநாமங்களைப் பற்றிய தம் நூலின் தொடக்கத்தில் இதை எடுத்துக்கொண்டு, பெயர் ஒன்று, பெயருக்குரியது ஒன்று, பெயரிடும் செயல் ஒன்று. மூன்றும் வெவ்வேறு என நிறுவிக் காட்டுகிறார்கள். மாணவப் பருவத்தில் இது வீண் நுணுக்கம் என்று எண்ணியதுண்டு. 2006-ஆம் ஆண்டின் ஆணையைப் படித்தபோதுதான் அதன் பயன் விளங்கிற்று. அவ்வாணை பெயருக்குரிய பொருளுக்குப் பரிசளிக்கவில்லை. நுணுகி நோக்கின் பெயருக்கும் அளிக்கவில்லை. பெயரிடும் செயலுக்கு, அந்தத் 'தஸ்மியா'வுக்கு அளித்தது.

நாம் வசிக்கும் சுவாமிமலையில் இதற்கு நேர்மாறான ஒரு நடைமுறையை நாள்தோறும் காண்கிறோம். இங்குள்ள சிற்பியர் தெருவில் செப்புத் திருமேனிகள் வார்க்கப்படுகின்றன. அவ்வழிபாட்டில் நமக்குப் பங்கில்லை. ஆனால் ஒரு கைத்தொழிலின் ஒழுங்கை மதிப்பதற்கு மார்க்கம் தடை சொல்வதில்லை. தென்னை ஓலையின் கீற்றை மடித்து மடித்து அளவெடுப்பர். மெழுகில் உருச்செய்வர். காவிரி வண்டலைப் பூசி உலர்த்திச் சுட, மெழுகு உருகி வெளியேறும்; வெற்றிடத்தில் உலோகம் பாயும். அங்கே கை எத்தனை, கையில் ஏந்துவது யாது, நிற்கும் நிலை யாது என்பன முடிந்தபிறகே அதற்கு இன்ன பெயர் என்பது நிலைபெறும். ஏந்திய பொருள் மாறினால் பெயரும் மாறும். வார்த்து முடித்ததற்கு வாங்குவோன் விருப்பப்படி வேறொரு பெயரைச் சூட்டினால் அத்தெருவில் எவரும் ஏற்கார்.

ஆணையின் பக்கத்திலும் நியாயம் இருந்தது; அதை மறைப்பது அறமாகாது. சுவரொட்டி என்பது எழுத்தறியத் தொடங்கும் சிறுவனின் முதற்பாடநூல்களுள் ஒன்று. தெருவெங்கும் பிறமொழிச் சொற்கள் தமிழெழுத்தில் பரவிக் கிடந்தபோது, தமிழே முகப்பில் வரட்டும் என்று விழைந்ததில் பிழையில்லை. நாமும் அன்று மகிழ்ந்தோம். அவ்வாண்டு ஒரு மீலாது மேடையில் அவ்வாணையைப் பாராட்டியும் பேசினோம். பணத்துக்காகத்தானே பெயர் மாற்றினார்கள் என்று அப்போதே ஓர் அன்பர் குறுக்கிட்டார். உம்மு கைஸ் என்ற பெண்ணை மணப்பதற்காக ஹிஜ்ரத் செய்தவரின் கதையைச் சொல்லி அவரை அமர்த்தினோம். அவருடைய எண்ணத்துக்குரிய கூலி இறைவனிடத்தில். ஆனால் அவர் நடந்து கடந்த வழி கடந்ததுதானே என்றோம். அவையினர் சிரித்தனர், நாமும் வென்றதாக எண்ணி வீடு திரும்பினோம்.

அன்று நாம் கேட்கத் தவறிய வினா ஒன்றுண்டு. விட்டுக்கொடுக்கப்பட்ட பணம் யாருடையது? கேளிக்கை வரியை வசூலித்தது மாநில அரசு. அதன் வருவாயில் பெரும்பகுதியோ சட்டப்படி உள்ளாட்சி மன்றங்களுக்கு உரியது. பேரூராட்சியின் சாக்கடைக்கும் தெருவிளக்கிற்கும் போய்ச்சேர வேண்டிய காசு அது. பிறன் பொருளை அவன் ஒப்புதலின்றிக் கொடுப்பவனை ஃபிக்ஹு நூல்கள் 'ஃபுளூலி' என்றழைக்கும். அவன் செய்த விற்பனை உரியவன் இசையும்வரை தொங்கலில் நிற்கும் என்பது நம் ஹனஃபிச் சட்டம். சட்டமன்றத்திற்கு வரி விலக்கும் அதிகாரம் உண்டு. ஆதலின் அரசை ஃபுளூலி என்று சொல்லிவிட முடியாதுதான். ஆயினும் வள்ளன்மையின் புகழ் ஓரிடத்தும், பொருளின் இழப்பு வேறிடத்தும் விழுந்ததை எப்பெயரிட்டு அழைப்பது?

கலைஞனுக்குக் கொடுத்த பெரியோர் நம் வரலாற்றில் இல்லாமலில்லை. கஅப் இப்னு ஸுஹைர் (ரலி) கவி பாடியபோது அண்ணலார் (ஸல்) அவர்கள் தம் தோளில் கிடந்த போர்வையையே எடுத்துப் போர்த்தினார்கள். உமறுப் புலவரை ஆதரித்த சீதக்காதி வள்ளல், கீழக்கரையில் தாம் வாணிகம் செய்து ஈட்டியதிலிருந்து கொடுத்தார். கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களிடம் ஜரீர் என்னும் பெரும்புலவர் பரிசில் நாடி வந்தபோது, பைத்துல்மாலைத் திறக்க மறுத்துத் தம் கைப்பொருளில் சிறிதே ஈந்தனுப்பினார்கள் என்று வரலாற்று நூல்கள் கூறும். வெளியே வந்த ஜரீர், ஏழைகளுக்குக் கொடுத்துப் புலவர்க்கு மறுக்கும் ஒருவரிடமிருந்து வருகிறேன் என்றாராம். அதையும் குறையாகச் சொல்லவில்லையாம். தோளிலிருந்து எடுத்த போர்வைக்கும் கருவூலத்தின் திறவுகோலுக்கும் இடையிலுள்ள தூரம் இதுவே.

அதற்காக அரசு கலைக்கு ஒரு காசும் கொடுக்கலாகாது என்பது நம் கருத்தன்று. தஞ்சையின் சரசுவதி மகால் நூலகம் அரசர்கள் பொருள் செலவிட்டதனாலேயே நமக்கு எஞ்சியது. ஆனால் செலவு என்பது வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வரியாக நிற்கும். மன்றத்தில் உறுப்பினர் எழுந்து கேட்கலாம். விலக்கு அவ்வாறு நிற்பதில்லை. வாராத பணத்திற்குப் பற்றுச்சீட்டு எங்கே? மேலும் விலக்கின் அளவைப் பெறுவோனின் வறுமை நிறுவுவதில்லை, அவனுடைய வசூல் நிறுவுகிறது. கூட்டம் பெருகும் படத்திற்கு விலக்கும் பெருகும். ஒரு வாரத்தில் கொட்டகையை விட்டிறங்கும் எளிய படத்திற்கு விலக்கும் எளியதே. கருகிய வயலுக்குக் கொடுக்கும் வஜாவின் தலைகீழ் இது. அந்தப் பயன் நுழைவுச்சீட்டு வாங்குபவனுக்குச் சேரவில்லை என்ற முறையீடு உயர் நீதிமன்றம்வரை சென்றதையும் நாம் மறந்துவிடவில்லை.

2011-இல் ஜெயலலிதா தலைமையிலான அரசு, பெயர் மட்டும் போதாது. தணிக்கையில் 'யு' சான்று வேண்டும், உரையாடல் பெரிதும் தமிழில் இருத்தல் வேண்டும், தமிழ்ப் பண்பாட்டுக்கு வளம் சேர்த்தல் வேண்டும், வன்முறையும் ஆபாசமும் மிகுதல் கூடாது என விதித்தது. பெயரிலிருந்து பொருளுக்கு வந்துவிட்டார்களே என்று மகிழலாமா? பொருளை அளக்க அளவுகோல் வேண்டும். அளவுகோலைப் பிடிக்க ஒரு கை வேண்டும். அக்கை அரசின் கையாயிற்று. 'கெத்து' என்பது தமிழ்ச்சொல்தானா என்ற வினா 2016-இல் உயர் நீதிமன்றத்தின் முன் போய் நின்றது. அப்படத்தின் தயாரிப்பாளர் எதிர்க்கட்சிக் குடும்பத்தைச் சேர்ந்தவர் என்பதை நாடறியும்.

அதே அளவுகோலை நம் முன்னோர் மீதும் வைத்துப் பார்த்தோம். 1572-இல் வண்ணப்பரிமளப் புலவர் இயற்றிய 'ஆயிர மசலா', முழுமையாகக் கிடைத்துள்ள தமிழ் இசுலாமிய நூல்களுள் காலத்தால் முந்தியது. அதன் பெயரில் பாதி அரபு. கிஸ்ஸா, நாமா, முனாஜாத்து என நம் புலவர்கள் தமிழுக்குத் தந்த இலக்கிய வகைகளின் பெயர்கள் பலவும் அரபு, பாரசீக வழி வந்தவையே. உள்ளே இருப்பது தமிழ். முகப்பில் வந்தவர் பெயர். 2006-இன் மேசையில் அவற்றை வைத்திருந்தால் ஆலிப் புலவரின் 'மிஃறாசு மாலை'யில் 'மாலை'க்கு விலக்கும் 'மிஃறாசு'க்கு வரியுமாகப் பங்கிட வேண்டியிருக்கும் போலும்!

2017 சூலை முதல் நாளில் சரக்கு மற்றும் சேவை வரி வந்து பழைய கேளிக்கை வரியை விழுங்கியது. நம் மாநிலம் உள்ளாட்சிகளின் பெயரால் தனியே ஒரு கேளிக்கை வரியை 30 விழுக்காடுவரை விதிக்க முற்பட, கொட்டகைகள் சில நாட்கள் மூடிக் கிடந்தன. பின்னர் தமிழ்ப் படங்களுக்கு அது வெகுவாகக் குறைக்கப்பட்டது. வடமாநிலங்களிலோ 'வரியற்ற படம்' என்னும் அறிவிப்பு வேறொரு வடிவில் தொடர்ந்தது. மாநிலத்திற்குரிய வரிப்பாதியை விட்டுக்கொடுப்பது அல்லது திருப்பித் தருவது என்பதே அதன் பொருள். இங்கே பெயரைப் பற்றிய ஆராய்ச்சி இல்லை. கருத்துக்கே விலக்கு.

2023 மே மாதத்தில் 'தி கேரளா ஸ்டோரி' என்னும் படத்திற்கு உத்தரப் பிரதேச அரசு வரிவிலக்களித்தது. மேற்கு வங்க அரசு அதைத் தடைசெய்தது. அத்தடையை உச்சநீதிமன்றம் நிறுத்தி வைத்தது. மதம் மாற்றப்பட்டோர் 32,000 பேர் என்னும் எண்ணுக்கு நம்பத்தகுந்த ஆதாரமில்லை என்ற அறிவிப்பைப் படத்தில் சேர்ப்பதாகத் தயாரிப்பாளர் தரப்பு அந்நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. தடை நீங்கியதில் நமக்குக் குறையில்லை. ஒருவன் தவறாகக் கதை சொன்னால் சரியாகச் சொல்லி மறுப்பதே அறிஞர் வழி. நம்மை உறுத்தியது அந்த விலக்கு. உத்தரப் பிரதேசத்தின் கருவூலத்தில் அம்மாநிலத்து முஸ்லிம் நெசவாளி வாங்கும் நூலின் வரியும் கிடக்கிறது. அவன் பிள்ளைக்கு வாங்கும் காலணியின் வரியும் கிடக்கிறது. அவனை ஐயுறக் கற்பிக்கும் ஒரு கதைக்கு அப்பணத்திலிருந்து இறக்கி வைக்கப்பட்டது. குடிமக்கள் மீது தலைவன் செய்யும் எச்செயலும் அவர்கள் நலனைச் சார்ந்ததாய் இருத்தல் வேண்டும் என்பது ஃபிக்ஹின் பொதுவிதிகளுள் ஒன்று. இதில் எக்குடிமகனின் நலன் என்று கேட்டோம்.

கேட்ட மறுகணமே, அன்றைய மீலாது மேடை நினைவுக்கு வந்தது. தமிழுக்கு விலக்கு என்றபோது நாம் கைதட்டினோம். அந்நாளில் இம்மண்ணில் தெலுங்கும் சௌராஷ்டிரமும் உருதும் பேசும் வரிசெலுத்துவோர் இருந்தனர். அவர்களில் ஒருவரேனும் எழுந்து, எம் பணத்திலிருந்து எதற்கு என்று கேட்டிருப்பின், அவருக்கு என்ன விடை சொல்லியிருப்போம்? தமிழ் இந்நிலத்தார் யாவருக்கும் பொதுவான வீடு. ஒரு சாராரைத் தூற்றும் கதையோ ஒருவருக்கும் வீடன்று என்று சொல்லியிருக்கலாம். அவ்விடை இன்றும் நமக்குச் சரியாகவே படுகிறது. ஆனால் அதைச் சொல்வதற்கு அரசின் கையில் நாம் கொடுத்தது எதை எனின், எது நல்ல கருத்து என்று அறுதியிட்டு அதன்மேல் பொதுப்பணத்தைச் சாய்க்கும் உரிமையை. லக்னோவில் கையெழுத்திட்ட கையும் அதே உரிமையைத்தான் எடுத்துக்கொண்டது.

பயிர்ச்சேதம் கேட்டு வஜா வேண்டுவோர் ஊரில், கிராம நிருவாக அலுவலர் வயலில் இறங்கி நின்று பார்ப்பார். எத்தனை மா சாகுபடி, எத்தனை மா சாவி என்று அடங்கலில் எழுதுவார். பொய் சொல்வோர் அங்கும் உண்டு. ஆயினும் பொய்யைச் சரிபார்க்க வயல் ஒன்று இருக்கிறது. அந்த மேடையில் குறுக்கிட்ட அன்பர் இன்றும் பாபநாசம் பக்கத்தில் இரண்டு மா நிலம் உழுதுகொண்டிருக்கிறார். அடுத்தமுறை காணும்போது உம்மு கைஸின் கதையைத் திரும்ப எடுத்து, அவர் பக்கத்து நியாயத்தைக் கேட்டுவர எண்ணியுள்ளோம்.