எதற்கும் ஒரு கீமோ

1998 ஜூலையில் அமெரிக்க அஞ்சல் துறை ஒரு தபால் தலையை வெளியிட்டது. முதுகில் தொங்கும் தூணியிலிருந்து அம்பை உருவுவதற்காகக் கையைத் தலைக்கு மேல் தூக்கி நிற்கும் வேட்டைத் தெய்வம் அதில் கோட்டோவியமாக இருந்தாள். மார்பகத்தில் கட்டி ஏதும் தட்டுப்படுகிறதா என்று தடவிப் பார்க்கிற பெண்ணும் கையை அப்படித்தான் தூக்குவாள். சாதாரணத் தபால் தலை அப்போது 32 சென்ட், இது 40 சென்ட். கூடுதலாகக் கொடுக்கும் பணம் மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் போகும். சேக்ரமென்டோ நகரத்து அறுவை மருத்துவர் எர்னஸ்ட் போடாய், வாஷிங்டனில் ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கி வாங்கிய அனுமதி அது.

அந்தச் சில்லறையில் ஒரு பங்கு வினோதமான ஒரு கேள்விக்கு விடை தேடப் போனது: மார்பகப் புற்றுநோய் வந்தவர்களில் யாருக்குக் கீமோ வேண்டியதில்லை? புது மருந்தைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று பார்க்க நிறுவனங்கள் பணத்தோடு வரும். இருக்கிற மருந்தைக் கொடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று பார்க்க யார் பணம் போடுவார்கள்? பெரும்பாலும் பொதுப்பணம்தான் போட வேண்டும்.

டெய்லர்எக்ஸ் என்ற அந்த ஆய்வில் 2006 முதல் 2010 வரை ஆறு நாடுகளில் 10,273 பெண்கள் சேர்ந்தார்கள். எல்லோருக்கும் ஒரே வகை நோய்: ஹார்மோனால் வளரும் கட்டி, ஹெர்2 என்ற புரதம் மிகுந்திருக்கவில்லை, அக்குள் நெறிகட்டிக்குப் பரவவில்லை. கட்டியின் 21 ஜீன்களை ஆராய்ந்து 0 முதல் 100 வரை மதிப்பெண் தரும் ஆன்கோடைப் சோதனை எல்லோருக்கும் செய்யப்பட்டது. 11 முதல் 25 வரை வாங்கியவர்கள் 6,711 பேர். இவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஹார்மோன் சிகிச்சை மட்டும், மறுபாதிக்கு அதோடு கீமோவும் கொடுத்தார்கள். 2018 ஜூனில் சிகாகோ மாநாட்டில் டாக்டர் ஜோசப் ஸ்பரானோ முடிவைச் சொன்னார். ஒன்பது ஆண்டு முடிவில் கீமோ இல்லாத பிரிவில் உயிரோடு இருந்தவர்கள் 93.9 சதவீதம். கீமோ எடுத்த பிரிவில் 93.8.

இந்த இரண்டு எண்களையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அதுவரை இதே நிலையில் இருந்த எத்தனையோ பெண்கள் முடியைக் கொடுத்து, மாதக்கணக்கில் வாந்தியும் சோர்வும் பட்டு, வேலையை விட்டு, கீமோ எடுத்திருக்கிறார்கள். அவர்களில் மிகப் பலருக்கு அது எதையும் சேர்த்துத் தரவில்லை.

ஏன் சேர்த்துத் தரவில்லை என்பதற்குக் காரணம் கட்டியின் சுபாவத்தில் இருக்கிறது. அறுத்தெடுத்த கட்டியை மெழுகில் பதித்து, தலைமுடியைவிடப் பலமடங்கு மெல்லிய சீவலாகச் சீவி, ஊதாவும் இளஞ்சிவப்புமாகச் சாயமேற்றி, நோய்க்குறியியல் மருத்துவர் நுண்ணோக்கியில் வைக்கிறார். அவர் பார்ப்பது மூன்று விஷயங்களை. செல்கள் இன்னும் பால்குழாய் போல வளையம் கட்டி நிற்கின்றனவா? உட்கருக்கள் ஒரே அளவாக இருக்கின்றனவா, ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக உருக்குலைந்திருக்கின்றனவா? அந்த நேரத்தில் இரண்டாகப் பிரிந்துகொண்டிருந்த செல்கள் எத்தனை? ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் மூன்று வரை மதிப்பெண். கூட்டுத்தொகை ஐந்துக்குள் இருந்தால் கிரேடு 1, எட்டோ ஒன்பதோ ஆனால் கிரேடு 3. எல்ஸ்டன், எல்லிஸ் என்ற இரு மருத்துவர்கள் 1991இல் ஒழுங்குபடுத்திய நாட்டிங்ஹாம் முறை இது. ரிப்போர்ட்டில் இருக்கும் ஸ்டேஜ் வேறு. அது நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதைச் சொல்கிறது.

கீமோ மருந்துகள் பெரும்பாலும் பிரிகிற செல்லைத்தான் பிடிக்கும். முடிவேர், குடலின் உள்வரி, எலும்பு மஜ்ஜை எல்லாம் ஓயாமல் பிரிவதால்தான் முடி கொட்டுகிறது, வயிறு புரட்டுகிறது, ரத்த அணுக்கள் குறைகின்றன. கிரேடு 1 கட்டியோ நிதானமாகப் பிரிவது. மருந்துக்கு அங்கே பிடிபடுவது குறைவு, உடம்பின் மற்ற இடங்களில் அதிகம்.

இவ்வளவு தெரிந்த பிறகும் முடிவெடுப்பது ஏன் இத்தனை கடினமாக இருக்கிறது? சென்னையிலோ மதுரையிலோ டாக்டர் அறையில் மகனோ கணவரோ சொல்வது ஏறக்குறைய ஒன்றுதான்: “எதுக்கும் ஒரு கீமோ போட்டுடலாமே டாக்டர்.” அதில் அன்பு இருக்கிறது, பயம் இருக்கிறது, பிற்பாடு யாரும் குறை சொல்லிவிடக் கூடாது என்ற கவலையும் இருக்கிறது. கீமோ எடுத்து நன்றாக இருக்கிறவர், கீமோதான் காப்பாற்றியது என்று வாழ்நாள் முழுவதும் நம்புவார். எடுக்காமல் நன்றாக இருக்கிறவருக்கு நன்றி சொல்ல எதுவும் இல்லை. வருடாந்திர மேமோகிராம் அன்று காலையில் பழைய சந்தேகம் மட்டும் வந்து நிற்கும். எடுக்காமல் விட்டு நோய் திரும்பினால் அந்தக் குடும்பம் தன்னையே குற்றம் சொல்லும். எடுத்தும் திரும்பினால் விதியைச் சொல்லும்.

சொல்லும் விதத்திலும் சிக்கல் இருக்கிறது. நோய் திரும்பும் ஆபத்தைக் கீமோ மூன்றில் ஒரு பங்கு குறைக்கும் என்று கேட்டால் யாரும் சரி என்றுதான் சொல்வார்கள். நூற்றில் மூன்று பேருக்குத் திரும்பக்கூடிய நோய் என்றால், அந்த மூன்று இரண்டாகும். நூறு பேரும் மருந்து ஏற்றிக்கொள்ள, பலன் ஒருவருக்கு. இரண்டும் ஒரே கணக்குதான். முதல் வாக்கியத்தை மட்டும் கேட்டவர் ஒரு முடிவுக்கு வருவார், இரண்டையும் கேட்டவர் வேறு முடிவுக்கு வரலாம்.

சிகிச்சை எவ்வளவு கடுமையோ அவ்வளவு பாதுகாப்பு என்ற எண்ணத்துக்கு மார்பகப் புற்றுநோய்ச் சரித்திரம் பெரிய விலை கொடுத்திருக்கிறது. பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டட் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பரப்பிய அறுவை, மார்பகத்தோடு நெஞ்சுத் தசைகளையும் அக்குள் நெறிகளையும் சேர்த்து எடுத்தது. அரைநூற்றாண்டுக்கும் மேலாக அதுவே வழக்கம். பிட்ஸ்பர்க்கின் பெர்னார்ட் ஃபிஷர் 1971இல் தொடங்கிய ஆய்வுதான், தசையை விட்டுவைத்தாலும் ஆயுள் குறையவில்லை என்று காட்டியது. சக அறுவை மருத்துவர்கள் அவர்மேல் கொண்ட கோபம் சாதாரணமானது அல்ல.

1990களில் அதே எண்ணம் வேறு உருவில் வந்தது. எலும்பு மஜ்ஜையே அழிந்துபோகும் அளவுக்குக் கீமோ கொடுத்து, முன்பே எடுத்து வைத்த தண்டு செல்களைத் திருப்பி ஏற்றும் முறை. கலிபோர்னியாவில் ஒரு பெண்ணுக்கு அதற்கான செலவைத் தர காப்பீட்டு நிறுவனம் மறுத்தது. குடும்பமே ஊரில் நன்கொடை திரட்டிச் சிகிச்சை செய்தது. அவர் இறந்துபோனார். 1993 டிசம்பரில் நடுவர் குழு அந்த நிறுவனம் 8.9 கோடி டாலர் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதன் பின் பல நிறுவனங்கள் மறுக்கவே அஞ்சின. பல்லாயிரம் பெண்கள் இந்தச் சிகிச்சைக்குப் போனார்கள், சிலர் சிகிச்சையாலேயே இறந்தார்கள். அது வழக்கமான கீமோவைவிட மேலானதா என்று ஒழுங்காகச் சோதித்த முடிவுகள் 1999இல்தான் ஒரு மருத்துவ மாநாட்டில் வெளியாயின. மேலானது அல்ல. மார்பகப் புற்றுநோய்க்கு நல்ல பலன் என்று அந்த மாநாட்டில் ஓங்கிச் சொன்னவர் ஜோஹன்னஸ்பர்க்கின் வெர்னர் பெஸ்வோடா. அடுத்த ஆண்டு நேரில் போய் ஆவணங்களைப் பார்த்தபோது அவர் ஆய்வில் பொய் கலந்திருந்தது தெரியவந்தது. ஏமாந்தவர்கள் முட்டாள்கள் அல்ல. உயிருக்குப் பயந்தவர்கள் கையில் கிடைத்ததிலேயே பெரிய ஆயுதத்தை எடுத்தார்கள், அவ்வளவுதான்.

இந்தப் பயம் வேறொரு இடத்தைப் பார்க்கவே மறந்துவிடுகிறது. கீமோ வேண்டாம் என்றால் சிகிச்சையே வேண்டாம் என்று அர்த்தம் அல்ல. டெய்லர்எக்ஸில் கீமோ எடுக்காதவர்களும் தினமும் ஹார்மோன் மாத்திரை விழுங்கியவர்கள்தாம். அந்த மாத்திரைகளில் ஒன்றான டமாக்சிஃபெனை ஐந்தாண்டு எடுத்தால் இந்த வகை நோயில் இறப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்பது ஆக்ஸ்ஃபோர்ட் ஆய்வாளர்கள் பல்லாயிரம் பெண்களின் விவரங்களைத் திரட்டிக் கண்டது. அதே குழு 2017இல் இன்னொன்றும் சொன்னது: இரண்டு சென்டிமீட்டருக்குள் இருந்த, நெறிகட்டிக்குப் போகாத, கிரேடு 1 கட்டி என்றாலும், ஐந்தாண்டு மாத்திரை முடிந்த பிறகு அடுத்த பதினைந்து ஆண்டுகளில் நூற்றில் பத்துப் பேருக்கு நோய் உடம்பின் வேறிடத்தில் தலைகாட்டுகிறது. மெதுவாகப் பிரிகிற கட்டி மெதுவாகவே திரும்புகிறது. நான்கு சைக்கிள் கீமோவுக்குத் தூக்கம் கெட்டு யோசிக்கிற குடும்பம், மூட்டுவலி தாங்காமல் அம்மா இரண்டாம் வருடமே மாத்திரையை நிறுத்திவிட்டதைக் கவனிக்காமல் போகலாம். எடுப்பதா, விடுவதா என்ற விவாதத்தில் பாதி நேரத்தையாவது இந்த மாத்திரைக்குக் கொடுத்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருக்கும்.

விதிவிலக்குகளைச் சொல்லாமல் விட்டால் அது பொய்யாகிவிடும். டெய்லர்எக்ஸ் ஆய்விலேயே ஐம்பது வயதுக்கு உட்பட்டவர்களில், 16 முதல் 25 வரை மதிப்பெண் பெற்றவர்களுக்குக் கீமோவால் ஓரளவு பலன் தெரிந்தது. கீமோ மாதவிலக்கை நிறுத்திவிடுவதால் வந்த பலனா, செல்களைக் கொன்றதால் வந்த பலனா என்பது இன்னும் தீராத வழக்கு. ஒன்று முதல் மூன்று நெறிகட்டிகளுக்குப் பரவியிருந்த பெண்களை வைத்து 2021இல் வெளிவந்த ஆய்விலும், மதிப்பெண் 25க்குள் இருந்தால் மாதவிலக்கு நின்றவர்களுக்குக் கீமோ பலன் தரவில்லை, நிற்காதவர்களுக்குத் தந்தது. ஆக நாற்பது வயதுக்காரிக்குச் சொல்லும் பதிலை அறுபத்தைந்து வயது அத்தைக்குச் சொல்ல முடியாது.

பலன் நூற்றில் ஒன்றோ இரண்டோ என்று தெரிந்த பிறகு, அதற்கு என்ன விலை கொடுக்கலாம் என்பதை எந்த ஜீன் சோதனையும் சொல்லாது. லண்டனில் 1990இல் வெளியான ஓர் ஆய்வு, நோயாளிகளையும் மருத்துவர்களையும் நோயில்லாதவர்களையும் இதே கேள்வியைக் கேட்டது. மிகச் சிறிய பலனுக்காகவும் கடும் சிகிச்சைக்குச் சம்மதித்தவர்கள் நோயாளிகளே. மூன்று வயதுக் குழந்தை உள்ளவள் அந்த ஒரு சதவீதத்தை விட மாட்டேன் என்றால் அது அறியாமை இல்லை. தையலே பிழைப்பாக இருக்கிறவள், டாக்ஸேன் என்ற கீமோ மருந்தால் விரல்நுனி மரத்துப்போய் ஊசியில் நூல் கோக்க முடியாமல் போய்விடுமோ என்று அதே ஒரு சதவீதத்தை வேண்டாம் என்றால் அது கோழைத்தனமும் இல்லை. மகனும் கணவரும் உடனிருக்கலாம், கணக்கைப் புரிந்துகொள்ள உதவலாம். விலையைச் சொல்ல வேண்டியவள் அவள். அறுவை முடிந்து கீமோ தொடங்குவதற்குச் சில வார அவகாசம் உண்டு. அன்று மாலைக்குள் கையெழுத்துப் போட வேண்டிய அவசரம் இதில் கிடையாது.

நம் ஊரில் இதற்குக் கூடுதலாக ஒரு கோணல் சேர்ந்திருக்கிறது. வெளிநாட்டுக்கு மாதிரி அனுப்பிச் செய்யும் ஜீன் சோதனை லட்சங்களில் விலை சொல்கிறது. கீமோவோ அரசு மருத்துவமனையில் இலவசம், முதலமைச்சர் காப்பீட்டிலும் வரும். தேவையில்லை என்று அறிவதைவிடக் கொடுத்துவிடுவது மலிவு என்று ஆகிவிட்டால், எதற்கும் ஒன்று என்பதே வழக்கமாகிவிடும். பெங்களூரு நிறுவனம் ஒன்று ஐந்து புரதங்களை வைத்து ஆபத்தைக் கணிக்கும் கேன்அசிஸ்ட் சோதனையை இங்கேயே உருவாக்கியிருக்கிறது. செலவே இல்லாத வழியும் உண்டு: கேம்பிரிட்ஜில் உருவான ப்ரெடிக்ட் என்ற இணையக் கருவியில் வயது, கட்டியின் அளவு, கிரேடு, நெறிகட்டி விவரங்களைப் போட்டால், இதேபோன்ற நூறு பெண்களில் அறுவையால் மட்டும் எத்தனை பேர், மாத்திரையால் கூடுதலாக எத்தனை பேர், கீமோவால் இன்னும் எத்தனை பேர் பத்தாண்டு கழித்து உயிரோடிருப்பார்கள் என்று காட்டும். ஜீன் சோதனைக்கு அது மாற்று இல்லை. இந்தியப் பெண்களின் விவரங்களிலிருந்து உருவானதும் இல்லை. ஆனாலும் டாக்டர் அறையில் இரண்டு நிமிட வேலைதான். “எனக்கு அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்க டாக்டர், மாத்திரைக்கு எவ்வளவு, கீமோவுக்கு எவ்வளவுன்னு தனித்தனியா” என்று கேட்பது எந்த நோயாளிக்கும் உரிமையுள்ள கேள்வி.