புடம் போட்ட பொன்னும் போர் செய்த என்ஜினும்

துன்பம் மனிதனைப் பக்குவப்படுத்தும் என்பது ஏறக்குறைய எல்லா மதத்தாரும் சொல்லிவருகிற பேச்சு. அதற்குக் காட்டும் உவமைகளும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை: புடம் போட்ட பொன், சாணை பிடித்த வைரம், அரைக்க அரைக்க மணக்கும் சந்தனம். கேட்க இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் பொன் உவமையில் ஒரு குறை உண்டு. பொன்னை எவ்வளவு சுட்டாலும் அது கெடுவதில்லை. உருகும், ஆறும், மறுபடி பொன்னாகவே இருக்கும். ஆகவே அந்த உவமைக்குள் நின்றுகொண்டு "போதும், நிறுத்து" என்று சொல்ல இடமே கிடையாது. நெருப்பு கூடக் கூடப் பொன்னுக்கு லாபம் என்று கணக்கு முடிந்துவிடுகிறது. (சந்தனக் கட்டை அரைபட்டுத் தேய்ந்து கடைசியில் இல்லாமலே போய்விடும் என்பதை அதன் மணத்தைப் புகழ்கிறவர்கள் சொல்வதில்லை.) மனிதன் பொன்னைப் போன்றவன் அல்லன். அளவு மீறினாலும் பாழாகிற, அளவு குறைந்தாலும் பாழாகிற ஒரு பொருளை உவமையாக எடுத்தால்தான் இந்தக் கேள்வியை நேர்மையாக விசாரிக்க முடியும். அப்படி ஒன்று மோட்டார் பட்டறையில் கிடைக்கிறது. முழுக்கப் பிரித்து, சிலிண்டரைப் போர் செய்து (அதாவது உட்சுவரைக் கடைந்து), புது பிஸ்டனும் ரிங்கும் போட்டுக் கட்டிய பழைய கார் என்ஜின். அதுவும் முதன்முதலாகச் சாவி திருப்பப்படும் அந்தச் சில நிமிடங்களில்.

அம்பாசடர் கார் என்ஜினையே எடுத்துக்கொள்வோம். கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் 1950-களின் இறுதியில் தொடங்கி 2014 வரை தயாரான அந்தக் காருக்குள் நெடுங்காலம் இருந்தது பிரிட்டிஷ் வடிவமைப்பில் அமைந்த 1489 சிசி, நான்கு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின். லட்சம் கிலோமீட்டர் ஓடி, ஆயில் குடித்து, நீலப் புகை தள்ள ஆரம்பித்ததும் அதை இறக்கி லேத் பட்டறைக்கு அனுப்புவார்கள். அங்கே தேய்ந்த சிலிண்டரைச் சற்றுப் பெரிதாகக் கடைவார்கள். கடைந்த சுவரைக் கண்ணாடி போல வழவழப்பாக்கி அனுப்புவார்கள் என்றுதான் தொழில் தெரியாதவர் நினைப்பார். நடப்பது நேர்மாறு. ஹோனிங் கற்களைச் சுழலவிட்டு, மேலும் கீழும் இழுத்து, சுவர் முழுக்க ஒன்றையொன்று வெட்டும் மெல்லிய கீறல்களை வேண்டுமென்றே போடுகிறார்கள். அந்தக் கீறல்களின் முகடுகள் புது ரிங்கின் விளிம்பைத் தேய்க்கும், தாங்களும் தேயும். பள்ளங்கள் ஆயிலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முகடுகள் மழுங்கி, ரிங்கும் சுவரும் ஒன்றின் வடிவத்தை மற்றொன்று ஏற்றுக்கொண்ட பிறகுதான் அந்தச் சிலிண்டர் அழுத்தத்தை முழுதாகத் தாங்கும். எந்திரக் கடைசல் எட்ட முடியாத கடைசி நுணுக்கத்தை உராய்வு முடித்துக் கொடுக்கிறது. இதுவரை கேட்டால், துன்பம் பக்குவப்படுத்தும் என்கிறவர்களுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

ஆனால் அந்த உராய்வு எப்படி நடக்கவிடப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பேரிங்குகளிலும் கேம்ஷாப்டிலும் கெட்டியான எண்ணெயைப் பூசித்தான் என்ஜினைக் கட்டுகிறார்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, பற்றவைக்காமல் ஸ்டார்ட்டரிலேயே சுற்றவிட்டு, ஆயில் பிரஷர் ஏறுகிறதா என்று பார்க்கிறார்கள். ஏறாவிட்டால் அன்று பெட்ரோல் கிடையாது. பற்றிக்கொண்ட பிறகும் ஐடிலில் விடுவதில்லை. கேம்ஷாப்டின் முனைகள் டேப்பட்டோடு உரசும் இடத்துக்கு ஆயில் பெரும்பாலும் கிராங்க் சுழலும்போது தெறித்துத்தான் வருகிறது. வேகம் குறைந்தால் தெறிப்பும் குறையும். அதனால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2000 சுற்று என்று வைத்து இருபது நிமிடம் ஓட்டுகிறார்கள். அந்த இருபது நிமிடமும் ஒரு ஆள் பக்கத்தில் நின்று சத்தத்தைக் கேட்கிறான், ஆயில் காட்டும் முள்ளையும் தண்ணீர்ச் சூட்டையும் பார்க்கிறான். பிறகு அந்த முதல் ஆயிலை வடித்துக் கொட்டிவிடுகிறார்கள். அதைச் சூரிய ஒளியில் பிடித்தால் உலோகத் துகள்கள் மினுங்கும். அதன்பின் ரோடு. பிரிட்டனில் ஒரு காலத்தில், வண்டி பழகிக்கொண்டிருக்கிறது, தயவுசெய்து முந்திச் செல்லுங்கள் என்று பின்கண்ணாடியில் எழுதி ஒட்டிக்கொண்டு முதல் சில நூறு மைல்களை மெதுவாக ஓட்டுவார்கள். பலவீனத்தை இவ்வளவு வெளிப்படையாக ஊருக்கு அறிவித்த வழக்கம் வேறு எந்தத் துறையிலாவது உண்டா என்பது சந்தேகமே.

மெதுவாக என்றால் சுமையே இல்லாமல் என்று பொருள் இல்லை. ரிங்கைச் சுவரோடு அழுத்துவது அதன் சொந்த விறைப்பு மட்டுமல்ல. எரிந்த வாயு ரிங்கின் பின்புறம் புகுந்து அதை வெளியே தள்ளுகிறது. சுமை இருந்தால்தான் அந்த அழுத்தம் வரும். பாசத்தால் வண்டியை உருட்டிக்கொண்டே இருந்தால் ரிங் சுவரில் பதியாது. அரைகுறையாக எரிந்த ஆயில் கீறல்களின் பள்ளத்தில் படிந்து பளபளவென்று ஒரு மேல்பூச்சாக இறுகிவிடும். அதற்குப் பின் எத்தனை கிலோமீட்டர் ஓட்டினாலும் அது சரியாவது அரிது. மறுபடி பிரித்து ஹோனிங் போட வேண்டியதுதான். மறுபக்கம், முதல் நாளே முழு ஆக்சிலரேட்டரில் மலையேற்றினால் முகடுகள் சூடேறி, ரிங்கும் சுவரும் ஒன்றோடொன்று ஒட்டிப் பிய்ந்து, என்ஜின் சீஸ் ஆகலாம். ஆகவே சுமை கொடுத்து எடுக்கிறார்கள். வேகமெடுத்து, பிறகு காலை எடுத்து வண்டியைத் தானாகத் தணிய விடுகிறார்கள். தணியும் நேரத்தில் ஆயில் மேலேறிச் சுவரைக் குளிர்விக்கிறது. சோணர் என்ற துறவி கால் தேய இரத்தம் வரும்வரை நடந்து தவம் செய்தபோது, புத்தர் அவருக்கு வீணை நரம்பை உவமை காட்டியதாகப் பாலி நூல்கள் சொல்கின்றன: அதிகம் முறுக்கினாலும் சரியில்லை, தளர்த்தினாலும் சரியில்லை. புத்தரும் தன்னை வருத்திப் பார்த்துவிட்டு அதைக் கைவிட்டவரே.

நான் சொல்ல வருவது இதுதான். பழக்கும் உராய்வும் அழிக்கும் உராய்வும் இயற்பியலில் ஒன்றே. இரண்டிலும் உலோகம் உலோகத்தை உரசுகிறது. இரண்டிலும் துகள் உதிர்கிறது. வேறுபாடு உராய்வுக்கு வெளியே இருக்கிறது: முன்கூட்டித் தயார் செய்த சுவரில், இடையில் ஓடும் எண்ணெயில், ஏறி இறங்கும் சுமையில், காது கொடுத்து நிற்கும் ஆளில். உராய்வுக்குச் சொந்தமாக எந்த நல்ல குணமும் கிடையாது. அப்படியானால் "துன்பம் பக்குவப்படுத்தும்" என்ற வாக்கியத்தில் எழுவாயே தவறு. பக்குவப்படுத்துவது வேறு ஏதோ; அது துன்பத்தையும் ஒரு கருவியாக எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவே.

மேலைத் தத்துவத்தில் இந்த வாக்கியத்துக்காக மிக நேர்த்தியாக வாதாடியவர் ஜான் ஹிக். 1966-இல் வெளிவந்த, தீமையையும் அன்பான கடவுளையும் பற்றிய அவருடைய நூல், இரண்டாம் நூற்றாண்டு ஆயர் இரேனியஸின் சிந்தனையைத் துணைக்கு அழைத்து, உலகம் சுகமாக வாழ அமைத்த மாளிகை அன்று, ஆன்மாக்களை உருவாக்கும் களம் என்று வாதிட்டது. இதற்கான மறுப்பு முன்பே தயாராக இருந்தது. 1955-இல் 'மைண்ட்' இதழில் ஜே. எல். மேக்கி கேட்டார்: எல்லாம் வல்ல கடவுள், எப்போதும் தாமாகவே நன்மையைத் தேர்கிற மனிதர்களை முதலிலேயே படைத்திருக்கக் கூடாதா? பட்டறை மொழியில் சொன்னால், இன்றைய கார் தொழிற்சாலைகள் ஹோனிங் போட்ட கையோடு முகடுகளையும் தாங்களே சீவி, பழக்குவதற்கு மிச்சம் அதிகம் இல்லாத என்ஜினாக அனுப்புகின்றன. மனிதத் தொழிற்சாலையால் முடிகிற வேலை இறைவனால் முடியாதா? பாடுபட்டுப் பெற்ற நற்குணம் பிறவியிலேயே வந்த நற்குணத்தைவிட மதிப்புள்ளது என்பது ஹிக்கின் பதில். அது ரசனையைப் பற்றிய தீர்ப்பு; நியாயம் ஆகாது. உற்பத்தியாளர் என்ற முறையில் வைத்துப் பார்த்தால் மேக்கியின் கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது.

சைவ சித்தாந்தம் இங்கேதான் வேறு வாசலில் நுழைகிறது. அதன்படி பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைப் பிணிக்கும் மலம்) மூன்றும் அனாதி. உயிரை இறைவன் படைக்கவில்லை. ஆணவ மலத்தையும் அவன் பூசவில்லை. செம்பில் களிம்பு போல அது தொடக்கமே இல்லாமல் உயிரோடு இருக்கிறது. இறைவன் செய்வது தனு, கரணம், புவனம், போகம் (உடல், கருவிகள், உலகம், நுகர்ச்சி) என்ற நான்கையும் கொடுத்து, மலம் பழுத்து உதிர வழி செய்வது. சுருக்கமாக, ஹிக்கின் கடவுள் உற்பத்தியாளர். சித்தாந்தத்தின் இறைவன் கெட்ட என்ஜினைக் கையில் வாங்கியவன். பழுதுபட்ட பொருளைச் சீர்செய்கிறவனிடம் "ஏன் புதிதாகவே செய்யவில்லை" என்ற கேள்வி செல்லாது. அந்த நான்கும் மாயையிலிருந்து வருபவை, மாயையும் ஒரு மலமே. மலத்தைக் கொண்டே மலத்தைக் கழுவுவது எப்படி என்ற ஐயத்துக்கு, சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டாரின் மாணவர் அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரில் வண்ணான் வேலையைக் காட்டுகிறார்: துணியின் அழுக்கைப் போக்க அவன் முதலில் சாணியையும் உவர்மண்ணையும் ஏற்றுகிறான். வழவழப்பான சுவரில் வேண்டுமென்றே கீறல் போடும் ஹோனிங் அதே தருக்கம்தான். இன்னும் ஒரு படி மேலே போய், மலத்தைத் தூண்டி உயிரை அனுபவத்தில் இறக்கும் இறைவனின் மறைப்பாற்றலையே சித்தாந்திகள் ஐந்து மலங்களில் ஒன்றாக எண்ணினார்கள். அருளின் ஒரு வடிவத்தையே அழுக்குக் கணக்கில் எழுதிய இந்தத் துணிச்சலை நான் வியக்கிறேன். துன்பத்துக்கு இனிப்புத் தடவ அவர்கள் முயலவில்லை. அதைவிட முக்கியமாக, வினை சடம் என்றார்கள். வினை தானாகப் பயன் தராது; கூட்டுவிக்க ஓர் அறிவு வேண்டும். உராய்வுக்குச் சொந்த அறிவு இல்லை என்று நான் மேலே சொன்னதன் பழைய வடிவம் இது.

இருந்தாலும் சித்தாந்தத்தோடும் எனக்கு ஒரு வழக்கு பாக்கி இருக்கிறது. ஆயில் இல்லாமலே ஓடவிடப்பட்ட உயிர்களை என்ன செய்வது? பஞ்சத்தில் சாகும் குழந்தை எதில் பக்குவப்பட்டது? ஹிக், நோக்கமே தெரியாத இத்தகைய துன்பம் உண்டு என்று மறைக்காமல் ஒப்புக்கொண்டு, அது ஒரு மறைபொருள் என்றும் மரணத்துக்குப் பின்னும் ஆன்மா வளர்வது தொடரும் என்றும் சொன்னார். சித்தாந்தம் அடுத்த பிறவியைச் சொல்கிறது. இரண்டு கட்சியும் கடைசியில், நாம் போய்ச் சரிபார்க்க முடியாத ஒரு பேரேட்டைக் காட்டித்தான் வெளியேறுகின்றன. அந்தப் பேரேடு இருக்கலாம், நம்புகிறவர் நம்பட்டும். ஆனால் நம்பிக்கையின் முடிவை, துன்பம் நல்லது என்பதற்கு ஆதாரமாகத் திருப்பிக் காட்ட முடியாது.

கொடுமையிலிருந்து மேலும் பெரியவர்களாக வெளிவந்தவர்கள் உண்டே என்று கேட்பார்கள். விக்டர் பிராங்கல் நாஜி வதைமுகாம்களிலிருந்து மீண்டு 1946-இல் வெளியிட்ட நூல் அப்படிப்பட்ட சாட்சி. ஆனால் தங்களைவிட மேலானவர்கள் பலர் மீளவில்லை என்பதை அவரே அதில் சொல்லிவிடுகிறார். ஓடி வந்து சேர்ந்த வண்டிகளை மட்டும் எண்ணி ரோடு நல்ல ரோடு என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது. மீண்டவர்களின் கதைகளிலும் ஒரு நினைவு, ஒரு நட்பு, ஒரு பிடி ரொட்டியைப் பங்கிட்ட கை என்று எங்கோ எண்ணெய் கசிந்திருப்பது தெரியும். என்ஜினுக்கு வலிக்காது, உவமையை இவ்வளவு இழுக்கலாமா என்பது இன்னொரு தடை. நியாயமான தடைதான். ஆனால் வலிக்கிற பொருளுக்கு வலிக்காத பொன்னை முதலில் உவமித்தது எதிர்த்தரப்பு. வலி என்பது எச்சரிக்கையைக் கூட்ட வேண்டிய காரணமே தவிர, குறைக்க வேண்டிய காரணம் ஆகாது. விரதமும் தவமும் இந்த மறுப்பில் அடங்குமா என்றால், இல்லை. தானே ஏற்ற சுமையை இறக்கும் உரிமை விரதமிருப்பவர் கையில் இருக்கிறது. பாரணைக்கு நேரம் குறித்த பிறகுதான் உபவாசமே தொடங்குகிறது.

"எல்லாம் அவன் வினை" என்று கைகட்டி நிற்பவர் சித்தாந்தம் பேசுவதாக எண்ணிக்கொள்கிறார். வினை சடம் என்று கற்ற மரபில் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. கூட்டுவிக்கும் அருள், குருவாக மனித உருவில் வரும் என்பதும் அதே மரபின் கொள்கை. அப்படியானால் பக்கத்தில் நிற்கிற ஆளின் வேலை விளக்கம் சொல்வது அல்ல. துக்க வீட்டுக்குப் போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: இதுவும் உன் நன்மைக்கே என்ற வாக்கியத்தை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போங்கள். அடுப்பு எரிகிறதா, குழந்தைகள் சாப்பிட்டார்களா என்று பாருங்கள். பதினாறாம் நாள் கூட்டம் கலைந்த பிறகு, பதினேழாம் நாளும் ஒருமுறை போய்வாருங்கள்.