காதை அசைப்பதால் என்ன பிரயோசனம்?



கையால் தொடாமலே காதை அசைக்கத் தெரிந்தவர் உங்கள் வீட்டில் யாரேனும் உண்டா? நாக்கின் இரு ஓரங்களையும் மேலே சுருட்டி வாழைக் குருத்துப்போல் ஆக்குகிறவர், ஒற்றைப் புருவத்தை மட்டும் உயர்த்துகிறவர், கட்டை விரலை வளைத்து முன்கையைத் தொடவைக்கிறவர் என இப்படி ஏதாவதொரு வித்தை தெரிந்தவர் அநேகமாக எல்லாக் குடும்பங்களிலும் இருப்பார். பெரும்பாலும் அது ஒரு சிறு பிள்ளையாயிருக்கும். "இங்கே பாருங்கள்" என்று ஓடிவந்து பெரியவர்களுக்குக் காட்டும். பெரியவர்கள் சொல்லும் பதிலும் நாம் அறிந்ததே: "இதனால் என்ன பிரயோசனம்? போய்ப் பாடத்தைப் படி."

இந்தக் கேள்வி நியாயமானதுதானா என்று இந்த வாரம் சற்றுச் சிந்திப்போம். அற்ப விஷயமாகத் தோன்றினாலும் இதில் அடங்கியிருப்பது அற்பமன்று.

முதலில் வித்தையைப் பார்ப்போம். நம் ஒவ்வொரு காதைச் சுற்றியும் மூன்று சிறு தசைகள் உள்ளன. நாயும் பூனையும் குதிரையும் சத்தம் வரும் திசைக்குக் காதைத் திருப்புவது இத்தகைய தசைகளால்தான். மனிதன் தலையையே திருப்பிவிடுகிறான். ஆகவே அவனிடம் இத்தசைகள் வேலையின்றிக் கிடக்கின்றன. நம்மில் பலர் எவ்வளவு முயன்றாலும் அவை அசைவதில்லை. சிலருக்கு மட்டும் சொன்னபடி கேட்கின்றன. கேட்டும் என்ன? அதைக்கொண்டு ஓர் ஈயைக்கூட ஓட்ட முடியாது.

நாக்கைச் சுருட்டுவதோ அறிஞர்களையே ஏமாற்றிய வித்தை. அது பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும் பரம்பரைக் குணம் என்று ஸ்டர்ட்டெவன்ட் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1940-ம் ஆண்டில் எழுதினார். பள்ளிப் புத்தகங்களும் அப்படியே போதித்தன. ஆனால் 1952-ல் வேறொருவர், ஒரே கருவிலிருந்து பிறந்த 33 ஜோடி இரட்டையரைச் சோதித்தபோது, 7 ஜோடிகளில் ஒருவருக்கு நாக்கு சுருண்டது, மற்றவருக்குச் சுருளவில்லை. பரம்பரை மட்டுமே காரணமானால் இப்படி நேராது.

நெட்டி முறிப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பேரப் பிள்ளையைக் கொஞ்சும் பாட்டிமார் தங்கள் நெற்றிப்பொட்டில் விரல்களை வைத்து நெட்டி முறிப்பார்கள். அதே பிள்ளை தன் விரல்களை முறித்தால் அதட்டுவார்கள். மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் வாயுக்குமிழ் உண்டாவதால் எழும் சத்தம் அது. அமெரிக்காவில் டொனால்ட் அங்கர் என்ற வைத்தியரைச் சிறு வயதில் அவருடைய தாயார், "விரலை முறித்தால் மூட்டுவாதம் வரும்" என்று எச்சரித்தார்களாம். மகன் இடது கை விரல்களை மட்டும் தினமும் முறித்து, வலது கையை விட்டுவைத்தார். இப்படி ஏறக்குறைய 50 ஆண்டுகள்! இரு கைகளிலும் மூட்டுவாதம் இல்லை என்று 1998-ல் அறிவித்தார். ஒருவருடைய அனுபவம் முடிவான அத்தாட்சி ஆகாதுதான். முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆராய்ச்சிகளுக்குக் கொடுக்கப்படும் இக் நோபல் பரிசு 2009-ல் அவருக்குக் கிடைத்தது.

இவையெல்லாம் பயனற்றவை என்பதை ஒப்புக்கொள்வோம். ஆனால் பயனற்றதெல்லாம் வீணானதுதானா?

இந்தக் கேள்வியோடு ஒரு பெரியவரிடம் போவோம். கி.பி. 410-ல் உரோமை நகரம் கொள்ளையடிக்கப்பட்டு உலகமே திகைத்து நின்றது. அதைத் தொடர்ந்து ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகரின் மேற்றிராணியாராயிருந்த அர்ச். அகுஸ்தீன், 'கடவுளின் நகரம்' என்னும் 22 புத்தகங்கள் அடங்கிய பெருநூலை எழுதினார். இராச்சியங்களின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் ஆராயும் அந்த நூலின் 14-ம் புத்தகத்தில், நம்ப முடியாதபடி, காதை அசைப்பவர்கள் வருகிறார்கள்! ஒரு காதை மட்டும் அசைப்பவர், இரண்டையும் அசைப்பவர், தலையை ஆட்டாமலே தலைமயிரை நெற்றிவரை இறக்கி மீண்டும் ஏற்றுபவர், பறவைகளைப்போல் அச்சாகக் கூவுபவர், நினைத்தபோது வியர்ப்பவர், நினைத்தபோது கண்ணீர் சிந்துபவர் என்று வரிசையாகச் சொல்கிறார். இங்கே எழுதக் கூசும் ஒரு வித்தையைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. கலாமா ஊரைச் சேர்ந்த ரெஸ்தித்தூத்துஸ் என்ற குருவானவர், யாராவது ஒப்பாரி வைப்பதுபோல் ஓலமிட்டால், உணர்வற்றுப் பிணம்போல் கிடப்பாராம். கிள்ளினாலும் குத்தினாலும் அசையமாட்டாராம்.

அகுஸ்தீன் இவற்றைப் பொழுதுபோக்குக்காக எழுதவில்லை. ஆதியில் மனிதனுடைய சரீரம் அவனுடைய சித்தத்துக்கு முற்றிலும் கீழ்ப்படிந்திருக்கும், பாவத்தால் அந்தக் கீழ்ப்படிதல் குலைந்தது என்பது அவர் வாதம். அது எப்படி முடியும் என்று கேட்பவர்களுக்கு, "இன்றைக்கும் இத்தனை பேருடைய சரீரம் இவ்வளவு கீழ்ப்படிகிறதே" என்று இவர்களைக் காட்டுகிறார். சந்தையில் நின்று சிரிக்கவைத்தவர்கள், அவருடைய நூலில் சாட்சிகளாய் நிற்கிறார்கள்.

ஆனால் அவர்களைப் புண்ணியவான்கள் என்று அவர் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. காதை அசைக்கத் தெரிந்தவன் தன் நாவை அடக்கத் தெரிந்தவன் என்பது நிச்சயமில்லை. அவனுக்குக் கிடைத்திருப்பது ஒரு கொடை. நல்ல குரல் படைத்தவரும், கணக்கில் புலியானவரும், மூட்டை தூக்கும் பலசாலியும் பெற்றிருப்பதும் அடிப்படையில் கொடையே. ஆனால் குரலுக்குக் கைதட்டலும் கணக்குக்கு உத்தியோகமும் பலத்துக்குக் கூலியும் கிடைக்கின்றன. நாளடைவில், "இது என் சம்பாத்தியம்" என்று நாம் எண்ணத் தொடங்கிவிடுகிறோம். காதை அசைப்பவனுக்கு அந்த மயக்கம் வர வழியில்லை. கூலியுமில்லை, பட்டமுமில்லை, இருக்கிறது, அவ்வளவுதான். கொடை என்றால் என்ன என்பதைக் கலப்பில்லாமல் காட்டுவது பிரயோசனமில்லாத திறமையே.

"இப்படியே பேசிப் பிள்ளைகளைக் கெடுத்துவிடாதீர்கள்" என்று சிலர் சொல்லக்கூடும். அவர்கள் பயத்திலும் நியாயமுண்டு. பாட நேரத்தில் வித்தை காட்டுவது தவறு. கண்ட பொருளை விழுங்கிக் காட்டுவது ஆபத்து. விரலோ தோளோ அளவுக்கு மீறி வளைந்து வலியும் கொடுத்தால், வேடிக்கை பார்க்காமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். ஒருவருடைய அங்கத்தைக் கேலிப் பொருளாக்கிக் கூட்டத்தில் காட்டச்சொல்வது அன்புக்கு விரோதம். ஆயினும் விளையாட்டே கூடாது என்பவர்களுக்கு அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் பதில் வைத்திருக்கிறார். உடல் களைத்தால் இளைப்பாறுவதுபோல் ஆத்துமமும் களைத்தால் விளையாட்டில் இளைப்பாற வேண்டும். அதில் அளவறிந்து நடப்பது ஒரு புண்ணியம். தானும் மகிழாமல் பிறர் மகிழ்ச்சிக்கும் தடையாயிருப்பது குற்றம் என்று அவர் போதிக்கிறார்.

இப்போது முதற் கேள்விக்கு வருவோம். "என்ன பிரயோசனம்?" என்பது மண்வெட்டியைப் பார்த்துக் கேட்கவேண்டிய கேள்வி. பம்புசெட்டைப் பார்த்துக் கேட்கலாம். ஆனால் அது வீட்டில் வழக்கமாகிவிட்டால், பிள்ளையின் காதோடு நின்றுவிடுவதில்லை. பரீட்சையில் தவறிய மகனிடம் போகும். மந்த புத்தியோடு பிறந்த குழந்தையிடம் போகும். கண் மங்கித் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவிடம் போகும். படுத்த படுக்கையாயிருக்கும் அத்தையிடம் போகும். வாய்விட்டு நாம் கேட்பதில்லை. சோற்றை வைக்கிற விதத்தில் கேட்டுவிடுகிறோம். அவர்களுக்கு அது நன்றாகக் கேட்கிறது.

மனிதன் எதற்கு உதவுகிறான் என்பதைக்கொண்டு அவனுக்கு விலை வைத்தால், நம்மில் ஒருவருக்கும் கடைசிவரை விலை இருக்காது. இன்று சம்பாதிக்கிற கையும் ஒரு நாள் கரண்டி பிடிக்க நடுங்கும். அந்த நாளில் நம்மை யாராவது, பிரயோசனம் பாராமல், முகம் மலர்ந்து பார்க்கமாட்டார்களா என்று ஏங்குவோம். அப்படிப் பார்க்கும் பழக்கம் அன்றைக்குத் திடீரென்று வந்துவிடாது. பள்ளிக்கூடப் பையன் காதை அசைத்துக் காட்டும்போதே வீட்டில் அது தொடங்க வேண்டும்.

ஆகவே, பிள்ளை வித்தை காட்டினால் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள், சிரியுங்கள். பிறகு படிக்கச் சொல்லுங்கள். பாடம் எங்கும் ஓடிப்போகாது. வேலைக்காகாதவர் என்று எண்ணப்படுகிற ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், இன்றிரவு அவர் பக்கத்தில் சற்று நேரம் போய் உட்காருங்கள். மருந்து கொடுக்கவோ புத்தி சொல்லவோ அல்ல; சும்மா.