நிலத்தின் ஊடல்

உரியவன் நாள்தோறும் சென்று காணாவிடில் நிலம் அவனோடு ஊடும் என்பது வள்ளுவர் கருத்து. தஞ்சை மாவட்டத்தில் தந்தையார் விட்டுச்சென்ற ஐந்து மா நன்செய்க்கு உரியவனாகிய நானோ, மாட்டுங்காவில் வாழ்ந்து அலுவலகக் கோப்புகளைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். ஆண்டுதோறும் குத்தகைப் பணம் வருகிறது. உழாதவனுக்கு நிலத்தின்மீது என்ன உரிமை?

சட்டம் இவ்வினாவுக்கு ஒருவாறு விடை கூறியுள்ளது. 1952இல் தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1956இல் நியாய வாரம் வரையறுக்கப்பட்டது. 1961ஆம் ஆண்டு உச்சவரம்புச் சட்டம் ஐவர் கொண்ட குடும்பத்திற்கு 30 தர ஏக்கர் என வகுத்தது. 1970இல் அது 15 ஆகக் குறைந்தது. பெருநிலக்கிழார் பலர் உறவினர் பெயரில் நிலத்தைப் பிரித்தெழுதி வரம்புக்குள் நின்றுகொண்டனர். எனினும் குத்தகைதாரர் பலர் பயன்பெற்றனர் என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால் நாற்று நட்டவளும் கதிர் அறுத்தவனும் எந்தப் பதிவேட்டிலும் இடம்பெறவில்லை. கூலி உயர்வுப் போராட்டத்தின் விளைவாக, 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் தீக்கிரையாயின. பின்னர் 1969இல் நியாயக் கூலிச் சட்டமும், 1971இல் குடியிருப்பு மனைகளை உரிமையாக்கும் சட்டமும் வந்தன. குடிசை நின்ற மண் சொந்தமாயிற்று. விளையும் மண் பெரும்பாலோர்க்கு எட்டவில்லை. 1981இல் கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் தம்பதியர் தொடங்கிய 'லாப்டி' இயக்கம், நிலத்தை விலைக்கு வாங்கி உழைக்கும் பெண்கள் பெயரில் எழுதிவைத்தது இக்குறையை உணர்ந்தே.

இக்குறையை நான் உணர்ந்ததோ இம்மாநகரில்தான். பொங்கல் விழாவொன்றில் அருகமர்ந்த தாராவி அன்பரிடம், "ஊரில் நிலபுலன் உண்டா?" என்று வழக்கம்போல் வினவினேன். "உழுதது உண்டு சார்; நிலம் இருந்ததில்லை" என்றார். நான் நிலத்தை விட்டு வந்தவன். அவர் நிலமின்மையால் வந்தவர். இருவரையும் புலம்பெயர்ந்த தமிழர் என்ற ஒரே சொல்லால் அழைக்கிறோம்.

என் ஐந்து மா உச்சவரம்புக்கு உட்பட்டதே. அதனாலேயே அறத்துக்கும் உட்பட்டதாகிவிடுமா? மனை வணிகர் நல்ல விலை கூறுகின்றனர். மகளின் படிப்புச் செலவும் நெருங்குகிறது. ஆயினும் விற்கும் நாள் வருமாயின், பயிரிடும் குத்தகைதாரரையும் அவ்வயலில் காலமெல்லாம் நாற்று நட்ட பெண்களையும் முதலில் கேட்டு, அவர்களால் இயன்ற விலையைத் தவணையில் பெறுவதே முறையென்று எனக்குத் தோன்றுகிறது. இல்லத்தில் இதற்கு இன்னும் முழு உடன்பாடில்லை. சட்டம் கேளாத கேள்வியை நம் மனச்சான்றாவது கேட்க வேண்டாமா?