மலைப்பாதை விளக்கும் மறைத்தல் என்னும் அருளும்

வண்டியில் எரியும் முன்விளக்கு இருவருக்கு வேலை செய்கிறது. ஓட்டுபவருக்குப் பாதையைக் காட்டுகிறது. எதிரே வருபவருக்கு வண்டியைக் காட்டுகிறது. முதல் வேலையை மட்டும் பெருக்கிக்கொண்டே போனால் இரண்டாவது கெட்டுப்போகும். எதிரே வருபவருக்கு வண்டியும் தெரியாது, பாதையும் தெரியாது. கண் கூசி நிற்பதே மிஞ்சும். அங்கே ஓர் அறக்கேள்வி பிறக்கிறது. தனக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காகப் பிறர் பார்வையை ஒருவர் பறிக்கலாமா? போடிநாயக்கனூரிலிருந்து ஏலமலைக்கு ஏறும் சாலையில் இந்தக் கேள்வி ஒவ்வோர் இரவும் ஒவ்வொரு வளைவிலும் எழுகிறது. ஒளியையும் இருளையும் பற்றித் தமிழில் மிக நுட்பமாக ஆராய்ந்த சைவ சித்தாந்தம் இதற்கு நல்ல விடை ஒன்றை வைத்திருக்கிறது.

சாலையும் வண்டிகளும்

போடி ஏலக்காய் வணிகத்தால் வளர்ந்த ஊர். காய் விளையும் தோட்டங்களோ பெரும்பாலும் மலைக்கு மேலே, கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைப் பக்கம் இருக்கின்றன. ஆளும் சரக்கும் அன்றாடம் ஏறி இறங்கியாக வேண்டும். அடிவாரத்து முந்தலைத் தாண்டியதும் தொடங்கும் ஏற்றம், 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டில் மாநில எல்லையைத் தொடுகிறது. கொச்சியையும் தொண்டியையும் இணைக்கும் 85ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் பகுதி இது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். மழைக்காலத்திலும் மார்கழிப் பனியிலும் மேல் வளைவுகளை மஞ்சு மூடிக்கொள்ளும்.

தோட்டத் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் விடியும் முன்னரே கிளம்பிவிடும். அவற்றோடு, சரக்கு ஏற்றுவதற்கென்று செய்யப்பட்டு, பிறகு வேறு வேலைக்கு மாற்றப்பட்ட வேன்களும் இந்த வட்டாரத்தில் ஓடுகின்றன. ஒன்று டிபன் கடையாகிறது. ஒன்று திருவிழாவுக்குச் சாமி தூக்கும் சப்பரமாகிறது. ஒன்று இருக்கையும் படுக்கையும் போட்டுப் பயணவண்டியாகிறது. உடம்பு மாறும்போது விளக்கும் கூடுகிறது. கூரை முகப்பில் எல்.இ.டி. பார், பம்பரில் ஃபோகஸ் லைட், பக்கவாட்டில் சீரியல் செட் என்று ஒவ்வொன்றாகச் சேரும்.

ஒயரிங் என்னும் பொறுப்பு

கூடுதல் விளக்கின் அறம் ஒயரிங்கிலேயே தொடங்கிவிடுகிறது. 12 வோல்ட் வண்டியில் 60 வாட் பல்பு ஒன்று 5 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். அதை எடுத்துவிட்டு 100 வாட் பல்பு போட்டால் ஒன்றுக்கு 8 ஆம்பியருக்கு மேல், இரண்டுக்கும் சேர்த்து ஏறத்தாழ 17 ஆம்பியர். வண்டியோடு வந்த கம்பியும் சுவிட்சும் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. கம்பி சூடேறும், சுவிட்சு உருகும், ஏற்றத்தின் நடுவே இரண்டு விளக்கும் ஒருசேர அணையக்கூடும். ஆகவே விவரம் தெரிந்த எலக்ட்ரீஷியன் பேட்டரியிலிருந்து தடித்த கம்பி தனியாக இழுத்து, பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் வைத்து, ரிலே வழியாக விளக்குக்குக் கொடுப்பார்; சுவிட்சு ரிலேயை இயக்குவதோடு சரி. தகட்டில் துளையிட்டுக் கம்பி நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் போடுவார். இல்லாவிட்டால் வண்டியின் அதிர்வில் தகட்டின் விளிம்பே கம்பியின் உறையை அறுத்துவிடும்.

எர்த் இன்னும் நுட்பமானது. பின்விளக்கின் எர்த் கம்பியைத் துருப்பிடித்த தகட்டில் முடுக்கியிருந்தால், இண்டிகேட்டர் போடும்போது பக்கத்து விளக்கும் சேர்ந்து மினுக்கும். வண்டி எந்தப் பக்கம் திரும்பப்போகிறது என்று பின்னால் வருபவருக்குப் புரியாது. வெறுமனே முறுக்கி டேப் சுற்றிய இணைப்பில் மலைமழையின் ஈரம் புகுந்து செம்பு இழைகளில் பச்சைக் களிம்பு ஏறும், விளக்கு மங்கும். அந்த மங்கலை ஓட்டுநர் தம் இருக்கையிலிருந்து பார்க்கவே முடியாது. வண்டிக்கு வெளியே உள்ள விளக்குகள் பெரும்பாலும் இப்படித்தான்: அவற்றின் குறை உடையவர் கண்ணில் படாது, வழியில் எதிர்ப்படுபவர் கண்ணிலேயே படும்.

சட்டம் இதை அறிந்தே எழுதப்பட்டிருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, முன்விளக்கு 155 மீட்டர் வரை பாதையைக் காட்ட வேண்டும் என்கின்றன. அதே விதிகள், 8 மீட்டர் தொலைவில் 1.5 மீட்டர் உயரத்தில் உள்ள கண்ணைக் கூசவைக்காதபடி ஒளிக்கற்றை கீழ்நோக்கித் தணிந்திருக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. முன்பக்கம் சிவப்பு விளக்கு காட்டக்கூடாது. வண்டியின் அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவைக் கண்டிப்பாகவே பொருள்கொண்டது. அதே ஆண்டு திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவு, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதத்துக்கோ ஆறு மாதம் வரையான சிறைக்கோ இடம் தருகிறது. ஆனால் அபராதத்துக்கு அஞ்சி அணைக்கப்படும் விளக்கு, சோதனைச் சாவடியைத் தாண்டியதும் மறுபடி எரியும். ஏன் அணைக்க வேண்டும் என்பதற்குச் சட்டத்துக்கு அப்பாலும் ஒரு காரணம் வேண்டும்.

இருள் என்பது என்ன?

இந்திய மெய்யியலில் இருளைப் பற்றிப் பழைய வழக்கு ஒன்று உண்டு. நியாய வைசேடிகர் இருளைத் தனிப்பொருளாக ஏற்பதில்லை. ஒளி இல்லாமைக்கே இருள் என்று பெயர் என்பார்கள். குமாரில பட்டரின் வழிவந்த மீமாம்சகரோ, கருநிறமும் அசைவும் தோன்றுவதால் இருளும் ஒரு பொருளே என்று வாதிடுவார்கள். முதல் கொள்கைப்படி, ஒளியைக் கூட்டக் கூட்ட இருள் குறைந்தாக வேண்டும். கூரையில் எல்.இ.டி. பார் வைப்பவரின் மனக்கணக்கும் இதுவே.

சைவ சித்தாந்தம் இந்தக் கணக்கை ஏற்பதில்லை. அதன்படி உயிரைப் பற்றிய ஆணவ மலம் வெறும் அறிவின்மை அன்று. செம்பில் களிம்புபோல் தொடக்கமில்லாக் காலந்தொட்டு உயிரோடு ஒட்டியிருக்கும் உள்பொருள். 14ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவாச்சாரியார் இயற்றிய திருவருட்பயன், இருண்மலநிலை என்ற அதிகாரத்தில் புற இருளையும் அக இருளையும் ஒப்பிடுகிறது. புற இருள் மற்றப் பொருள்களை மறைத்தாலும், தான் இருள் என்பதையாவது காட்டிக்கொள்ளும். ஆணவம் மற்றதையும் மறைக்கும், தான் மறைப்பதையும் மறைக்கும். இருட்டில் நிற்பவனுக்குத் தான் இருட்டில் நிற்பது தெரியும். ஆணவத்தில் நிற்பவனுக்கு அது தெரியாது.

கண்ணைக் கூசவைக்கும் விளக்கை இந்த அளவுகோலால் அளந்தால் அது ஒளியின் பக்கம் சேர்வதில்லை. எதிரே வருபவருக்கு அது பாதையையும் பள்ளத்தையும் நடந்து போகும் ஆளையும் மறைக்கிறது. உடையவருக்கோ, தான் மறைக்கிறது என்ற செய்தியையே மறைக்கிறது; அவர் இருக்கையிலிருந்து பார்த்தால் எல்லாம் வெளிச்சமாகவே இருக்கிறது. பிறர் இழந்ததைத் தான் அறியாமலிருக்கும் இந்த நிலையைச் சித்தாந்தம் ஆணவத்தின் இலக்கணமாகவே சொல்கிறது.

அதே நூல் இன்னொன்றும் சொல்கிறது: கோட்டானின் கண்ணுக்குச் சூரிய ஒளியும் பேரிருளே. ஒளி எவ்வளவு என்பதோடு, ஏற்கும் கண் எத்தகையது என்பதும் சேர்ந்தே காட்சி அமைகிறது. உடலியலும் இதற்கு இணங்குகிறது. இருளுக்குப் பழகிய கண்ணில் திடீரென்று பேரொளி விழுந்தால் விழித்திரையின் ஒளியுணர் நிறமி வெளுத்துப்போகும். கண் முழுமையாக மறுபடி இருளுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். வண்டியை ஓட்டும் அளவுக்குத் தெளிய சில நொடிகளாவது வேண்டும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 11 மீட்டர் கடந்துவிடும். கொண்டை ஊசி வளைவில் 11 மீட்டர் என்பது சாலைக்கும் பள்ளத்துக்கும் இடையிலுள்ள தூரத்தைவிடப் பெரிது. ஏறி வரும் வண்டியின் முகம் மேல்நோக்கியிருப்பதால், அதன் பிரைட் நேராக இறங்கி வருபவர் கண்ணில் பாயும்.

மஞ்சு இறங்கிய இரவில் உடையவரும் தப்புவதில்லை. பிரைட் போட்டால் ஒளி மஞ்சின் நீர்த்துளிகளில் பட்டுத் திரும்பி, கண்ணாடிக்கு முன்னே வெள்ளைத் திரையாக நிற்கும். டிம்மில் தெரிந்த சாலையோரக் கல்லும் அப்போது தெரியாது. பனிவிளக்கை பம்பருக்குக் கீழே தாழ்த்தி வைப்பதன் காரணம் இதுவே. தன் ஒளியே தனக்குத் திரையாவதை இந்த மலைச்சாலை கண்ணெதிரே காட்டிவிடுகிறது.

மறைத்தலும் அருளே

சைவம் இறைவனுக்கு ஐந்தொழில் கூறும்: படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல். இவற்றுள் மறைத்தலே பலரைத் திகைக்கவைப்பது. பேரொளியான இறைவன் தன்னை ஏன் மறைத்துக்கொள்ள வேண்டும்? பக்குவப்படாத உயிர் முழு ஒளியைத் தாங்காது என்பதே விடை. திரோதான சக்தி எனப்படும் அவனது மறைக்கும் ஆற்றல் உயிரின் கண்ணுக்கு ஏற்ற அளவில் மறைத்து நின்று, மலம் முதிர்ந்து கழலும்வரை காத்திருக்கிறது. பிறகு வரும் அருளும் ஒரே வீச்சில் வருவதில்லை. மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என்று, அருள் உயிரில் பதிவதாகிய சத்திநிபாதத்துக்கு நான்கு படிகள் சொல்லப்படுகின்றன. ஏற்பவரின் நிலைக்கு ஏற்ப ஒளி அளந்து தரப்படுகிறது.

இதிலிருந்து ஒளிக்கான அறம் தெளிவாகிறது. ஒளி உடையவரின் பெருமை, அதை எவ்வளவு வீச முடியும் என்பதில் இல்லை. ஏற்கும் கண்ணுக்காக எவ்வளவு தணிக்கிறார் என்பதில் இருக்கிறது. எதிரே வண்டி தெரிந்ததும் டிம் போடும் கை செய்வது, மறைத்தல் என்னும் அருட்செயலின் மிகச் சிறிய மனித வடிவம். அங்கே குறைக்கப்படும் ஒளி, எதிரே வருபவரின் பார்வையாகத் திரும்பக் கொடுக்கப்படுகிறது.

விளக்குத் தொண்டு செய்த நாயன்மார் வரலாறுகளும் இதையே வேறு வழியில் சொல்கின்றன. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில், திருவொற்றியூர்க் கலிய நாயனார் எண்ணெய்க்கு வழியற்றபோது தம் குருதியையே எண்ணெயாக வார்க்கத் துணிந்தார். தில்லையில் கணம்புல்ல நாயனார், புல் போதாதபோது தம் தலைமுடியை எரித்தார். தாம் ஏற்றிய விளக்கின் செலவை இருவரும் தாமே ஏற்றார்கள். கண் கூசவைக்கும் விளக்கில் அந்தச் செலவு வழியில் வருபவர் தலையில் விழுகிறது. ஆதலால் சாமி படத்துக்கு மேலே கட்டினாலும், அத்தகைய விளக்கு தொண்டாகாது. சப்பர வேனின் சீரியல் செட்டு ஊர்வலத்தில் எரியலாம். ஊர்வலம் முடிந்து சாலையில் ஓடும்போது அணைந்திருக்க வேண்டும்.

மறுப்புகள்

விளக்கை மறைத்து வைக்கக்கூடாது என்பதும் பழைய போதனையே. மத்தேயு நற்செய்தியில் இயேசு, விளக்கை மரக்காலின் கீழ் வைக்காமல் தண்டின்மேல் வைக்கச் சொல்கிறார். ஆனால் அங்கே சொல்லப்படும் நோக்கம் வீட்டிலுள்ள எல்லாருக்கும் வெளிச்சம் கிடைப்பது. எல்லாருக்கும் என்ற அந்த அளவே டிம்முக்கும் ஆதாரம்.

எதிரே வருபவர் டிம் போடாதபோது நாம் மட்டும் ஏன் போட வேண்டும் என்பது சாலையில் அதிகம் கேட்கப்படும் மறுப்பு. எல்லாரும் பின்பற்றத்தக்க விதியாக ஆக முடியுமா என்று ஒவ்வொரு செயலையும் சோதிக்கச் சொன்னார் ஜெர்மானிய மெய்யியலாளர் இமானுவேல் கான்ட். எல்லாரும் பிரைட் போடும் சாலையில் யாருக்கும் எதுவும் தெரியாது என்பதால், பழிக்குப் பழியான பிரைட் அந்தச் சோதனையில் தோற்கிறது. ஒரு குருடருக்குப் பதில் இரண்டு குருடர் வளைவில் சந்திப்பதே அதன் பலன். அருளைக் கைம்மாறு எதிர்பாராததாகக் கொள்ளும் சித்தாந்தத்துக்கு இந்த மறுப்பு எழுவதே இல்லை.

எதிர்முனையில் சமண நெறி நிற்கிறது. தேனி மாவட்டத்து உத்தமபாளையத்தில் பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்கள், அந்நெறி இப்பக்கத்தில் வேரூன்றியிருந்ததற்குச் சான்று. தீயிலும் உயிருண்டு, சுடரில் பூச்சிகள் மடியும் என்பதால் சமணத் துறவியர் விளக்கே ஏற்றுவதில்லை. வயிற்றுப்பாட்டுக்காக இருட்டில் மலையேறும் ஓட்டுநரால் அந்த அளவுக்குப் போக முடியாது. ஆனால் தேவைக்கு மேல் எரியும் ஒவ்வொரு விளக்கும் ஏதோ ஓர் உயிரைத் தொடுகிறது என்ற எச்சரிக்கையை அவர் எடுத்துக்கொள்ளலாம். காட்டோரத்தில் தேவையின்றி எரியும் எல்.இ.டி. பாருக்கு அது பொருந்தும்.

காணப்படும் கடமை

ஒளியைத் தணிப்பது ஒரு பாதி. பிறர் கண்ணுக்குத் தன்னை ஒளிக்காமல் வைப்பது மறுபாதி. மஞ்சில் பின்விளக்கு எரியாமல் நிற்கும் வேன், கூசும் விளக்குக்கு நிகராகப் பிறரை ஏமாற்றுகிறது. பின்பக்கச் சிவப்பு விளக்குகள் 155 மீட்டர் தொலைவிலிருந்து தெரிய வேண்டும் என்று விதி கேட்கிறது. பலர் கூரை விளக்குக்குச் செலவிடும் பணத்தில் சிறு பங்கு போதும், பின்விளக்கின் எர்த்தைச் சுரண்டிச் சரிசெய்யவும் ஒளி திருப்பும் பட்டைகளை ஒட்டவும். அந்தச் செலவால் ஓட்டுநருக்குப் பாதை ஓர் அங்குலம்கூடக் கூடுதலாகத் தெரியாது. முழுப் பயனும் பின்னால் வருபவருக்கே போய்ச் சேரும். சித்தாந்தம் பேசும் அருளுக்கு மிக அருகில் நிற்கும் வேலை அதுவே என்பதற்கு அந்த ஒரு காரணம் போதும்.

மாற்றியமைத்த வேனுக்கு விளக்கு சேர்க்கும்போது கேட்க வேண்டிய கேள்விகளை இந்த வரிசையில் அமைக்கலாம்: இந்த விளக்கு சட்டம் அனுமதிப்பதா? இதன் மின்னோட்டத்தைக் கம்பியும் ஃபியூஸும் தாங்குமா? எதிரே வருபவரின் கண் இதைத் தாங்குமா? வண்டி பழுதாகி வளைவில் நின்றால் பின்னால் வருபவருக்கு அது தெரியுமா? முதல் இரண்டுக்கும் விதிப்புத்தகமும் எலக்ட்ரீஷியனும் விடை சொல்வார்கள். பின்னிரண்டுக்கும் விடை காண, ஓட்டுநர் ஒருமுறை இறங்கி வண்டிக்கு முன்னும் பின்னும் போய் நின்று, பிறர் கண்ணால் தம் வண்டியைப் பார்க்க வேண்டும்.