காரணம் எழுதும் கட்டம்

மாதம் பிறந்ததும் சம்பளக் கணக்கிலிருந்து 2,000 ரூபாய் மியூச்சுவல் ஃபண்டின் எஸ்ஐபிக்குப் போகிறது. அந்தப் பணத்தில் வாங்கப்படும் ஒவ்வொரு பங்கோடும் ஓர் ஓட்டும் சேர்ந்தே வருகிறது. பணம் கட்டியவருக்குப் பெரும்பாலும் அது தெரியாது. அவர் சார்பில் ஃபண்ட் நிறுவனம் வாக்களிக்கிறது. இந்திய மியூச்சுவல் ஃபண்டுகள் தாங்கள் பங்கு வைத்திருக்கும் கம்பெனிகளின் எல்லாத் தீர்மானங்களிலும் வாக்களித்தே ஆக வேண்டும் என்ற, பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் கட்டளை 2022 ஏப்ரலிலிருந்து நடப்பில் இருக்கிறது. வாக்குக்கான காரணத்தையும் எழுதி வெளியிட வேண்டும்.

அந்த வேலையை இயந்திரத்திடம் விடலாமா? 2026 தொடக்கத்தில் ஜே.பி.மோர்கனின் சொத்து மேலாண்மைப் பிரிவு, அமெரிக்கக் கம்பெனிகளில் வாக்களிக்க வெளி ஆலோசனை நிறுவனங்களை விட்டுவிட்டு, ‘ப்ராக்சி ஐக்யூ’ என்ற சொந்தச் செயற்கை நுண்ணறிவுத் தளத்துக்கு மாறுவதாகச் செய்தி வந்தது. கேட்டதும் துணுக்கென்றுதான் இருக்கிறது. ஆனால் இதுவரை மட்டும் யார் உட்கார்ந்து படித்தார்கள்? ஐஎஸ்எஸ், கிளாஸ் லூயிஸ் என்ற இரண்டு ஆலோசனை நிறுவனங்களின் சிபாரிசை அப்படியே ஓட்டாக்கும் பழக்கம் அங்கே பல ஆண்டுகளாக உண்டு. ‘ரோபோ வோட்டிங்’ என்ற கேலிப்பெயர் அப்போதே பிறந்துவிட்டது. நம் ஊரிலும் ஆகஸ்ட், செப்டம்பரில் ஆண்டறிக்கைகள் வந்து குவியும்போது முந்நூறு பக்கத்தை வரி விடாமல் படிக்க ஆள் ஏது? கடைசிப் பக்கங்களின் அடிக்குறிப்பில் பதுங்கியிருக்கும் உறவுக்காரக் கம்பெனிக் கொடுக்கல் வாங்கலை இயந்திரம் தோண்டி எடுத்தால் பணம் போட்டவருக்கு லாபம். படிப்பதை அதனிடம் கொடுப்பதில் அறப்பிழை ஏதும் இல்லை.

முடிவெடுப்பது அப்படியல்ல. 2021 ஆகஸ்டில், ராயல் என்ஃபீல்டின் தாய் நிறுவனமான ஐஷர் மோட்டார்ஸ், சித்தார்த்த லாலை மீண்டும் நிர்வாக இயக்குநராக்கும் தீர்மானத்தில் அவருடைய ஊதியத்தையும் சேர்த்தே வைத்தது. சிறப்புத் தீர்மானத்துக்கு வேண்டிய 75 சதவீதம் கிடைக்கவில்லை. எதிர்த்தவர்களின் மனத்தாங்கல் சம்பளத்தின் மேல்தான். ஆனால் வாக்கில் ‘சம்மதம்’, ‘எதிர்ப்பு’ இரண்டுக்கு மட்டுமே இடம். ஊதிய வரம்பைக் குறைத்துக்கொண்டு நிறுவனம் திரும்பி வந்தபோது பங்குதாரர்கள் ஒப்புக்கொண்டார்கள். கொள்ளை நோய்க் காலத்தில் இந்தச் சம்பளம் தகுமா, அதற்காக நல்ல நிர்வாகியை இழக்கத் துணியலாமா என்று எடைபோட்டுத்தான் அந்த எதிர்ப்பு வாக்கைப் போட முடியும். எடைபோட்டவரிடம் கம்பெனிக்காரர் தொலைபேசியில் ‘ஏன் சார்?’ என்று கேட்கலாம். அவரும் பதில் சொல்லியாக வேண்டும்.

இயந்திரமும் பதில் சொல்லும், தட்டுத்தடுமாறாமல். சம்மதத்துக்குக் காரணம் கேட்டால் ஒரு பத்தி, எதிர்ப்புக்குக் கேட்டால் அதே நயத்தோடு இன்னொரு பத்தி. போதாததற்கு, தீர்மான விளக்கக் குறிப்பைக் கம்பெனியும் இயந்திரத்தை வைத்தே எழுதும். பெண் வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் ஒரே தரகர்!

ஃபண்ட் நிறுவனங்கள் வெளியிடும் வாக்குப் பட்டியலைத் திறந்து பார்த்தால், ‘சட்டப்படி சரி, ஆட்சேபம் இல்லை’ என்கிற மாதிரி ஒற்றை வரி காரணக் கட்டத்தில் வரிசை வரிசையாக இறங்கிக்கொண்டே போகும். இனி அங்கே விதவிதமான பத்திகள் வரலாம். அதே செபி விதிகளில் இன்னொன்றும் இருக்கிறது. முதலீட்டாளர் நலன் தவிர வேறெதுவும் தன் வாக்கைத் திருப்பவில்லை என்று ஃபண்ட் மேலாளர் காலாண்டுதோறும் அறங்காவலர்களுக்கு எழுதித் தர வேண்டும். இயந்திரம் போட்ட ஓட்டுக்கு, அதன் உள்ளே என்ன நடந்தது என்று அறியாதவர் அந்தத் தாளில் எப்படிக் கையெழுத்திடுவார்?