வழி தெரியலைங்க

மார்கழிக் காலையில் காளப்பட்டிப் பக்கம் வண்டி ஓட்டியவர்களுக்கு அந்தப் பனி தெரியும். முன்னால் போகிற லாரியின் சிவப்பு விளக்கை நம்பித்தான் போகணும். வழி தப்பினால் டீக்கடை ஓரம் நிறுத்தி, "ஏனுங்க, அன்னூருக்கு எப்படிங்க போறது?" என்று கேட்கலாம். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

அதே பனியில், மதிலுக்கு அந்தப் பக்கம், விமான நிலையத்துக்குள் ஜீப் ஓட்டுகிறவர் யாரிடம் கேட்பார்?

2020 பிப்ரவரியில் புனேயில் வேகமெடுத்துக்கொண்டிருந்த ஏர் இந்தியா விமானத்துக்கு முன்னால் ஒரு ஜீப்பும் ஓர் ஆளும். விமானி முன்கூட்டியே விமானத்தைத் தூக்கினார். வால் தரையில் உரசியது, எல்லோரும் பிழைத்தார்கள். கண்ணில் பட்டதால் பிழைத்தார்கள்.

2014 அக்டோபர் 20 இரவு மாஸ்கோவின் வுனுகோவோ விமான நிலையத்தில் மூடுபனி. பனி அகற்றும் வண்டி ஒன்று ஓடுபாதைக்குள் வந்துவிட்டது. மேலெழும்பிய சிறு ஜெட் அதில் மோதி, டோட்டல் எண்ணெய் நிறுவனத்தின் தலைவர் கிறிஸ்டோஃப் த மார்ஜரி உட்பட நான்கு பேர் இறந்தார்கள். வண்டி ஓட்டுநர் பிழைத்தார். திசை தவறிவிட்டது, ஓடுபாதைக்குள் வந்ததே தெரியவில்லை என்றார். அவர் குடித்திருந்தார் என்றார்கள் விசாரணையாளர்கள். அவர் தரப்பு மறுத்தது.

குடிகாரர் என்று கேட்டதும் நமக்கு ஒரு நிம்மதி வருகிறது, கவனித்தீர்களா? அப்படியானால் அது நமக்கு நடக்காது.

ஆனால் பனியில் வழி தப்புவது குற்றமா? இல்லை என்றே நினைக்கிறேன். சந்தேகம் வந்த பிறகும் வாய் திறக்காமல் போவதில்தான் தப்பு தொடங்குகிறது. விதி எளிமையானது: சிவப்பு விளக்கு வரிசையைத் தாண்டாதே, கோபுரம் சொன்னதைத் திருப்பிச் சொல், எங்கே இருக்கிறாய் என்று தெரியாவிட்டால் உடனே ரேடியோவில் சொல். கடைசி விதிதான் கஷ்டம். அந்த ஒரு வார்த்தையில் விமானங்கள் நிற்கும். நிறுத்தியவர் யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

எனக்கு அது தெரியும். ஒரு நள்ளிரவு, திரையில் ஒரே மாதிரி இரண்டு கறுப்பு ஜன்னல்கள். ஒன்று சோதனை சர்வர், இன்னொன்று வாடிக்கையாளருடையது. எதில் இருக்கிறேன் என்று ஒரு கணம் குழப்பம். அழைப்பில் பதினோரு பேர் காத்திருந்தார்கள். கேட்காமல் என்டர் தட்டினேன். வாடிக்கையாளரின் ஒரு நாள் தரவு போனது.

"சந்தேகம் வந்தப்பவே கேட்டிருக்கலாமே?" என்றார்கள். கேட்டிருக்கலாம். ஆனால் ஒரு மாதம் முன்பு, இதே கேள்வியை அணியில் புதிதாகச் சேர்ந்த பையன் கேட்டபோது எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

வண்டிக்குள் வரைபடத் திரை, இருப்பிடம் காட்டும் கருவி, தரையில் விளக்குகள் எல்லாம் வேண்டும். அவை வழி தப்புவதைக் குறைக்கும். ஆனாலும் என்றாவது ஒரு நாள் ஒருவர் ரேடியோவை எடுத்து "வழி தெரியலைங்க" என்று சொல்லித்தான் ஆகணும். அவர் சொல்வாரா என்பது, அதற்கு முன் சொன்னவரை நாம் எப்படி நடத்தினோம் என்பதில் இருக்கிறது.

டீக்கடைக்காரர் சிரிப்பதில்லை. "நேராப் போயி சோத்தாங்கைப் பக்கம் திரும்பிக்குங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த டீயை ஆற்றப் போய்விடுகிறார்.